மூன்றாம் நாள் காய்ச்சல்

"இல்லைங்க டாக்டர், நான் ஒண்ணும் கொடுக்கல" என்று சொல்லி இருபது நிமிஷம் ஆகியும் அந்தப் பொய் தணிகாசலத்தின் தொண்டையை விட்டு இறங்கவில்லை, தண்ணீரில்லாமல் விழுங்கிய மாத்திரை மாதிரி நெஞ்சுக்கு மேலே நின்று கசந்துகொண்டிருந்தது. டாக்டர் நிலோஃபர் சந்தேகப்பட்டு, கண்ணை உருட்டி, போலீஸ்காரர் மாதிரி கேட்டிருந்தால் அவனும் விறைத்துக்கொண்டு பதில் சொல்லியிருப்பான், அது வேறு. அந்தம்மா அப்படிக் கேட்கவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்தபடி, டிபன் ஆச்சா என்று கேட்கிற குரலில், "நேத்து சாயங்காலம் உங்க தங்கச்சி புனிதாவுக்கு நூத்தி மூணு இருந்துச்சு, எட்டு மணிக்கெல்லாம் தொண்ணூத்தொன்பதுக்கு வந்துருச்சு. இந்தக் காய்ச்சல் இந்த நேரத்துல அப்படி இறங்காது. வெளியிலேர்ந்து ஏதாவது உள்ள போச்சா? மாத்திரை, கஷாயம், கோயில் தீர்த்தம், எதுவானாலும் சொல்லுங்க, திட்ட மாட்டேன்" என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் அவன் வாயைக் கட்டிப்போட்டது. திட்டுகிறவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டால் கணக்கு நேராகிவிடும், திட்ட மாட்டேன் என்பவரிடம் சொன்னால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது. இல்லை என்றான். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார், நம்பிவிட்டார், அவ்வளவு சுலபமாக. நாலாவது மாடி நடையில் கண்ணாடிக் கதவுக்கு எதிரே போட்டிருந்த இரும்பு பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான், சுவர்க் கடிகாரத்தில் எட்டு நாற்பது, பதினொரு மணிக்கு மருந்து ஏற்றப்போகிறார்கள், அதற்குள் சொன்னால்தான் சொன்னதற்கு அர்த்தம், பிறகு சொன்னால் அது வெறும் ஒப்பாரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செய்யாறுக்காரர், உள்ளே மருமகனைப் படுக்கவைத்திருப்பவர், டீ டம்ளரை நீட்டி, "குடிங்க சார், நேத்தே தங்கச்சிக்கு ஜுரம் வுட்டுடுச்சாமே, நல்ல சேதி" என்றார். ஆமாங்க என்று வாங்கிக்கொண்டான்.

நல்ல சேதி இல்லை. அது அவனுக்குத் தெரியும், இந்த மாடியில் காத்துக் கிடக்கிறவர்களில் அவனுக்குத்தான் மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும், தெரிந்து செய்ததுதானே இப்போது இப்படி அறுக்கிறது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றரைக்கு அவனுடைய ரத்தத்திலிருந்து பிரித்த, புது ரத்தம் ஊறவைக்கும் தாய்ச்செல்கள், ரத்தப் புற்றுநோய் கண்ட புனிதவதியின் உடம்புக்குள் முழுசாக இறங்கின. அதற்கு முன்பு ஐந்து நாள் அவனுக்கு ஊசி, இடுப்பெலும்பும் மார்பெலும்பும் யாரோ உள்ளிருந்து திருகுகிற மாதிரி வலி, பிறகு ஒரு கையிலிருந்து எடுத்து மறு கையில் விடுகிற மெஷினோடு நாலரை மணி நேரம், கடைசியில் ஒரு சின்னப் பை, நீர்த்த தக்காளிச்சாறு நிறத்தில். இவ்வளவுதானா என்று இருந்தது அவனுக்கு. பொருத்தம் பார்த்தபோது டாக்டர், "பத்துக்கு அஞ்சு இருக்கு, பாதிப் பொருத்தம், இப்பல்லாம் அதை வச்சே செய்யறோம்" என்று சொன்னதும் புனிதா, தலை மொட்டையாக, உதடு வெடித்து, அப்போதும் வாய் அடங்காமல், "எனக்குக் கல்யாணத்துக்கே ஏழு பாத்தாங்க டாக்டர், ஏழு வருஷத்துல அந்தாளு ஓடிட்டான், அஞ்சுக்கு இவன் எத்தினி நாள் நிப்பான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள். டாக்டர் சிரித்து முடித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாகச் சொன்னார். உங்க செல்லு அவங்க உடம்புக்குள்ள போகுது, போனதுல சிலது, இது யார் வீடோன்னு சண்டைக்கு நிக்கும், விட்டா அவங்க தோலை, குடலை, கல்லீரலைத் தின்னுரும், முன்ன அப்படித்தான் நெறைய பேரு போனாங்க, புத்துநோய் போயிரும், ஆளும் போயிருவாங்க. இப்ப ஒரு வழி இருக்கு. சண்டைக்கு நிக்கிற செல்லு மொத மூணு நாள்ல வெறி புடிச்ச மாதிரி பெருகும், அப்ப ஜுரம் கொதிக்கும், அந்த நேரம் பாத்து மூணாம் நாளும் நாலாம் நாளும் ஒரு மருந்து கொடுத்தா பெருகிக்கிட்டு இருக்கிறதுதான் சாகும், அமைதியா இருக்கிற தாய்ச்செல் தப்பிச்சிக்கும். அதனால அதுவரைக்கும் ஜுரத்தைப் பாத்து பயந்து யாரும் ஸ்டீராய்டு கொடுத்துறக் கூடாது, அது சண்டைக்காரனைத் தூங்க வச்சிரும், தூங்குறவன் மருந்து கண்ணுல பட மாட்டான், அப்புறம் எழுந்திருப்பான். இதைத் தமிழில் எழுதிய ஒரு தாளில் தணிகாசலம் கையெழுத்துப் போட்டிருக்கிறான். கையெழுத்து, தேதி, நோயாளிக்கு என்ன உறவு: அண்ணன்.

இன்று வெள்ளி, மூன்றாம் நாள். நேற்று ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். கையை முழங்கை வரை கழுவி, நீல அங்கி போட்டு, முகமூடி கட்டி. அங்கிக்குள்ளே சட்டை, சட்டைப்பையில் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைப் பட்டை, அது எப்போதும் இருப்பதுதான், சிலருக்குச் சீப்பு இருக்கிற மாதிரி. திருத்தணி பஸ் ஸ்டாண்டு எதிரே மெடிக்கல் ஷாப்பில் இருபத்தாறு வருஷமாக ராத்திரி முறை பார்க்கிறவன், அந்த ஊரில் ராத்திரி ஜுரம் வந்த அத்தனை பேருக்கும் அவன்தான் டாக்டர், 'டாக்டரண்ணே' என்றே கூப்பிடுவார்கள். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பார்மசி சான்றிதழ் வேறொருவருடையது, அந்த ஆளை அவன் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறான். அவன் படித்ததெல்லாம் மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாள்கள், எறும்பு மாதிரி எழுத்து, பூதக்கண்ணாடி வைத்து, அகராதி வைத்து, விடியும் வரை. மற்றவர்கள் அந்தத் தாளைக் கசக்கிப் போடுவார்கள், அவன் நீவி அடுக்கி வைப்பான். ஜுரத்துக்கு ஒரு செட்: ஜுர மாத்திரை ஒன்று, சளிக்கு ஒன்று, வயிறு எரியாமல் இருக்க ஒன்று, கூடவே அந்தக் குட்டி வெள்ளை, அதே ஸ்டீராய்டு. மடித்துக் கையில் கொடுத்தால் மறுநாள் ஆள் எழுந்து வேலைக்குப் போவான், கைராசி என்பார்கள், கையில் ராசி ஒன்றும் இல்லை, வெள்ளை மாத்திரையில் இருந்தது. அவனுக்கு அது தெரியும். வெங்கடேசபுரத்து இட்லிக்கார அம்மா மூட்டுவலிக்கு அதை மட்டும் எட்டு மாசம் வாங்கித் தின்று முகம் பௌர்ணமி மாதிரி ஊதி, "பாருங்க டாக்டரண்ணே, உங்க கையால எப்படி தேறிட்டேன்" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினபோதும் தெரியும். இனிமே இது வேண்டாம்மா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் இத்தனை நாள் ஏன் கொடுத்தாய் என்று கேட்பாள். கொடுத்தான். அப்புறம், அந்த மாத்திரை எலும்பை அரித்துவிட்டதால், அந்தம்மா வாசற்படியில் லேசாக இடறினதற்கே இடுப்பெலும்பு முறிந்து படுத்தாள், பார்க்கப் போகும்போது ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு போனான், சீ, ஆரஞ்சுப்பழம்.

புனிதா நடுங்கிக்கொண்டிருந்தாள். கட்டில் கம்பி அவளோடு சேர்ந்து கிடுகிடுவென்றது. நூற்று மூன்று, பல் கிட்டித்துக்கொண்டு, கண் செருகி, "அண்ணா, தாங்க முடியலண்ணா, நீ குடுப்பியே, அது குடுண்ணா" என்றாள். நாற்பத்தொரு வயசுப் பெண்பிள்ளை, பத்திர ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் டைப் அடிக்கிறவள், ஒரு எழுத்து தப்பினால் முழுத் தாளையும் கிழித்துப்போட்டு மறுபடி அடிக்கிறவள், அப்படிக் கேட்டாள். வேண்டாம் புனிதா, டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க என்று வாய் சொன்னது. கை என்ன செய்தது? கையைப் பற்றித்தான் எட்டு நாற்பதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறான், கை யாரையும் கேட்கவில்லை, அங்கியைத் தூக்கிப் பைக்குள் போனது, பட்டையில் கட்டைவிரல் அழுத்தியது, டப், டப், இரண்டு, பத்து மில்லிகிராம் இரண்டு, அவள் உதட்டில் வைத்தது, தண்ணீர்க் குவளையைச் சாய்த்தது. இருபத்தாறு வருஷத்துக் கை. நர்ஸ் எஸ்தர்ராணி அப்போது அடுத்த அறையில் எதற்கோ மணியடித்த மெஷினைப் பார்க்கப் போயிருந்தாள். கையின் மேல் பழியைப் போடாதே தணிகாசலம், என்று அவனே அவனிடம் சொல்லிக்கொண்டான், கை தனியாக உள்ளே போய்விட்டு வந்ததா, நீயும்தானே கூடப் போனாய். இன்று காலை டாக்டர் புனிதாவிடமும் கேட்டாராம். எஸ்தர்ராணி வந்து சொன்னாள், "உங்க தங்கச்சி லேசுப்பட்டவங்க இல்ல சார். 'நீங்க குடுக்குற கஞ்சியே உள்ள எறங்கல, இதுல திருட்டுத்தீனி வேறயா'ன்னு ஒரே போடா போட்டுட்டாங்க." அவனைக் காப்பாற்றப் புனிதா பொய் சொன்னாள். பத்திரத்தில் ஒரு எழுத்து தப்பவிடாதவள். அண்ணனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று, தன் தோலையும் குடலையும் பணயம் வைத்து, அதுவும் தெரியாமல், அது என்ன மாத்திரை என்றுகூடக் கேட்காமல்.

ஒன்பது பத்து. இரண்டே மாத்திரைதானே, என்று ஒரு குரல் சொன்னது, கடைக்குரல், கல்லாவுக்குப் பின்னால் நின்று பழகின குரல், இரண்டு மாத்திரையில் என்ன ஆகிவிடும், காலையில் தொண்ணூத்தொன்பது, ராத்திரி தூங்கியிருக்கிறாள், எத்தனை நாள் கழித்துத் தூங்கினாள், அதைக் கெடுப்பானேன். ஆகாது என்று உனக்குத் தெரியுமா? தெரியாது. ஆகும் என்று தெரியுமா? அதுவும் தெரியாது. அப்புறம் எதற்கு. அந்தத் தாளில், எட்டாக மடித்த தாளில், ஒரு நாள் வரை உடம்பில் வேலை செய்யும் என்று போட்டிருந்தது, ஐந்து மணியிலிருந்து எண்ணினால் இன்று ஐந்து மணி, பதினொன்றுக்கு மருந்து ஏறும்போது சண்டைக்காரர்கள் பாதிப் பேர் போர்வைக்குள் இருப்பார்கள், மருந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை போலிருக்கிறது என்று போய்விடும். அவனுடைய ஆட்கள். அவனுடைய ரத்தத்தில் ஊறினவர்கள், அவன் குணம்தானே இருக்கும், வெளியே சாதுவாக இருந்துவிட்டு உள்ளே போனதும் கையை ஓங்குகிற குணம். புனிதா பை ஒன்றோடு பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கின நாள் எங்கிருந்தோ வந்து எதிரே நின்றது. அவள் புருஷன் ஓடிப்போவதற்கு முன்னால் அது, நெற்றியில் புடைப்பு, "நான் இனிமே அங்க போகலண்ணா" என்று கடை வாசலில் நின்றாள், ஆட்கள் பார்க்கிறார்களே என்று அவனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது, இது உன் வீடு இல்ல, அதுதான் உன் வீடு என்று அடுத்த சோளிங்கர் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். ஏற்றிவிடும்போது கையில் தலைவலி மாத்திரை ஒரு பட்டை கொடுத்தான். யார் அடித்தது என்று கேட்கவில்லை, வலிக்கு மாத்திரை கொடுத்தான். பஸ் ஜன்னலில் அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தபடி போனாள், அழவில்லை, அழுதிருந்தால் மறந்திருக்கலாம். இப்போது அவன் செல்கள் அவளுக்குள்ளே போய் நின்றுகொண்டு அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன, இது உன் வீடு இல்ல. அப்படிச் சொல்கிறவர்களைத்தான் பிடிக்கப் பார்க்கிறார் இந்த டாக்டர், அவன் போய் அவர்களுக்குத் தூக்க மாத்திரை கொடுத்து ஒளித்துவைத்துவிட்டு வந்திருக்கிறான்.

ஒன்பது ஐம்பது. எழுந்தான், உட்கார்ந்தான். சொன்னால் என்ன ஆகும். கடையைப் பற்றிக் கேட்பார்கள், நீங்க என்ன படிச்சிருக்கீங்க என்று கேட்பார்கள், பத்தாங்கிளாஸ் என்று சொல்ல வேண்டும், இந்த ஒன்றரை மாசமாக அந்தம்மா அவனிடம் மருந்துப் பேர் சொல்லித்தான் பேசுகிறார், "உங்களுக்குத்தான் புரியுமே" என்று பாதியிலேயே விட்டுவிடுகிறார், அந்த 'உங்களுக்குத்தான் புரியுமே' போய்விடும். அது போனால் என்னிடம் என்ன இருக்கிறது. அப்படியானால் இவ்வளவுதானா விஷயம், தங்கச்சி ஒரு தட்டில், மறு தட்டில் ஒரு டாக்டரம்மா மரியாதையாகப் பேசின ரெண்டு வார்த்தை, தராசு இவ்வளவு நேரமாக ஆடிக்கொண்டிருக்கிறதா, தூ. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மாட்டியிருந்த போன் அடித்தது, உள்ளிருந்து புனிதா. எடுத்தான். கண்ணாடி வழியாக அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது, மொட்டைத்தலையில் பச்சைத் தொப்பி. "ஏண்ணா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு, நான் போயிட்டேன்னு எவனாச்சும் சொல்லிட்டானா?" என்றாள். "சும்மா இரு." "நல்லா தூங்கினேன்ணா. உன் கை பட்டா சரியாயிடும், சின்ன வயசுலேர்ந்தே. யார்கிட்டயும் மூச்சு விடாத, நான் நல்லா சமாளிச்சு வச்சிருக்கேன், நீ வந்து உளறிக் கொட்டாத." உன் கை பட்டா. கன்னத்தைத் தொட்டுக் காட்டிய இட்லிக்கார அம்மாவும் இதைத்தான் சொன்னாள். "புனிதா, நான் டாக்டர்கிட்ட போறேன்" என்றான். "எதுக்கு?" "சொல்றதுக்கு." "லூசாண்ணா நீ" என்று அவள் சொல்வதற்குள் போனை மாட்டிவிட்டு நடந்தான், நடையில் அவள் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம் கேட்டது, திரும்பினால் நின்றுவிடுவோம் என்று திரும்பவில்லை.

டாக்டர் நிலோஃபர் கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துக்கொண்டு ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தார். அவன் கதவுக்கு வெளியிலேயே நின்று சொன்னான், உள்ளே போய் உட்கார்ந்தால் வார்த்தை மாறிவிடும் என்று பயம். "நேத்து சாயங்காலம் அஞ்சு எட்டுக்கு நான்தாங்க கொடுத்தேன். ஸ்டீராய்டு. பத்து மில்லிகிராம், ரெண்டு. காலையில பொய் சொன்னேன். அவளும் எனக்காகத்தான் பொய் சொன்னா." ஆப்பிள் மேஜைமேல் வைக்கப்பட்டது. திட்டு வரும் என்று நின்றான், வரவில்லை, அந்தம்மா போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தி, "புனிதவதி மருந்து கலந்தாச்சா? இன்னும் இல்லையா? கலக்காதீங்க. நிறுத்துங்க. மூணு மணிக்குக் கொடுத்தா போதும், நான் வந்து சொல்றேன்" என்றார். பிறகு அவன் பக்கம் திரும்பி, எந்த மாத்திரை, ஒண்ணா ரெண்டா, முன்னாடி எப்பவாவது கொடுத்தீங்களா, காலையில மறுபடி கொடுத்தீங்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அவன் சொல்லச் சொல்ல அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது, கடையில் யாருக்கும் மாத்திரையின் பேரைச் சொல்லிக் கொடுத்ததில்லை, இன்றுதான் பேர், அளவு, நேரம் எல்லாம் வாய்விட்டுச் சொல்கிறான். எழுதி முடித்துப் பேனாவை மூடினார். "திட்ட மாட்டேன்னுதான் சொன்னேன். கோவம் வராதுன்னு சொல்லல. அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டீங்களே, படிச்சுத்தானே போட்டீங்க?" "படிச்சுத்தாங்க." "எனக்கு மூணு மணி வரைக்கும்தான் இடம் இருக்கு, அதுக்கு மேல தள்ள முடியாது. அதுக்குள்ள அந்த மாத்திரை எவ்வளவு விலகுதோ அவ்வளவு." "கெட்டுப்போச்சுங்களா டாக்டர்?" "தெரியாது. இனி நூறு நாளைக்கு தோல், வயிறு, கல்லீரல் மூணையும் பாத்துப் பாத்துத்தான் தெரியும். இப்பவே ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னா நானும் உங்களை மாதிரி மாத்திரை கொடுக்கிற ஆளாயிடுவேன்." அவன் தலை தொங்கியது. "காய்ச்சல் திரும்பி வரணும்னு கட்டாயம் இல்ல. வந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதி, உள்ள சண்டைக்காரங்க முழிச்சிருக்காங்கன்னு அர்த்தம். நீங்க இனி உள்ள போக வேண்டாம். கண்ணாடிக்கு வெளிய நில்லுங்க. பையில இருக்கிறதை இங்க வச்சிட்டுப் போங்க." வைத்தான். மேஜைமேல் ஆப்பிளுக்குப் பக்கத்தில் அந்தப் பட்டை, இரண்டு குழி காலியாக.

டாக்டர் உள்ளே போய்வந்த பிறகு அவன் போனை எடுத்தபோது அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான்தான் இப்ப பொய்க்காரி" என்றாள். "டாக்டர் வந்து, ஏம்மா நீயுமான்னு கேட்டாங்க. எனக்கு எங்கயாவது போயி ஒளிஞ்சுக்கலாம் போல இருந்துச்சு, இதுக்குள்ள எங்கண்ணா ஒளியறது?" "அது என்ன மாத்திரைன்னு நீ கேட்டிருக்கணும் புனிதா." "உன்ன எதுக்கு கேக்கணும்." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கேட்கவே வேண்டாதபடி அவள் நம்பின ஒரே ஆள், ஒருநாள் பஸ்ஸில் ஏற்றிவிட்ட ஆள். "அன்னிக்கு உன்ன சோளிங்கர் பஸ்ல..." என்று ஆரம்பித்தான். "இப்ப அது எதுக்கு" என்றாள். பிறகு, "ஞாபகம் இருக்கா உனக்கு? மறந்துட்டன்னு நெனச்சேன்" என்றாள். மறக்கல என்றான். அவள் போனை வைக்கவில்லை, இரண்டு பேர் மூச்சும் கம்பியில் போய்வந்துகொண்டிருந்தது. பதினொன்று அடித்தது, யாரும் எதுவும் ஏற்றவில்லை. பன்னிரண்டு. தொண்ணூத்தொன்பது. எஸ்தர்ராணி அரை மணிக்கொரு தரம் பார்த்துவிட்டுக் கண்ணாடி வழியாக விரலால் காட்டிவிட்டுப் போனாள், அவள் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை, அது நியாயம்தான். பன்னிரண்டரை, அதே தொண்ணூத்தொன்பது. வாழ்நாளில் எத்தனை நெற்றி தொட்டிருப்பான், ஒவ்வொன்றிலும் இறங்கு இறங்கு என்றுதான் மனசு சொல்லியிருக்கும், இப்போது சொல்ல வேறு வார்த்தை கிடைக்காமல் தடுமாறியது, தங்கச்சி உடம்பு கொதிக்கட்டும் என்று எந்தச் சாமியிடம் வேண்டிக்கொள்வது, எந்தச் சாமி அதைக் கேட்டுக்கொள்ளும். ஒன்றரைக்குப் புனிதா போர்வையைக் கழுத்து வரை இழுத்தாள். அவன் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டான். "குளுருதுண்ணா" என்றாள் போனில், குரல் உடைந்து, "மறுபடி வருது போல, பயமா இருக்குண்ணா, கூட இருக்கியா?" பையில் ஒன்றும் இல்லை, உள்ளே போகவும் முடியாது, கொடுக்க அவனிடம் எதுவுமே இல்லை, "இருக்கேன்" என்றான், "வரட்டும் புனிதா, தாங்கிக்க, நான் இங்கதான் நிக்கிறேன், எங்கயும் போகல." பல் தந்தியடிக்கிற சத்தம் போனில் கேட்டது. அவள் நடுங்க நடுங்க அவனும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நடுங்கினான், ஏறு, ஏறு என்று உதடு முணுமுணுத்தது, மலைமேல் ஏற முடியாமல் நிற்கும் வண்டியைத் தோள் கொடுத்துத் தள்ளுகிறவன் மாதிரி. இரண்டு பத்துக்கு எஸ்தர்ராணி தெர்மாமீட்டரைப் பார்த்தாள், ஒருதரம் பார்த்து நம்பாமல் இன்னொரு தரம் வைத்துப் பார்த்தாள், பிறகு கண்ணாடிக்கு அருகே வந்து ஒற்றை விரலைக் காட்டி, விரல்களை வளைத்து ஒரு வட்டம் காட்டி, இரண்டு விரலைக் காட்டினாள். நூற்றிரண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் குலுங்கினான், அழுகையா சிரிப்பா என்று அவனுக்கே தெரியவில்லை. செய்யாறுக்காரர் பதறிப்போய் எழுந்து வந்து தோளைப் பிடித்தார்.

"என்னாச்சு சார்? ஜுரம் வுட்டுடுச்சா?"

"இல்லைங்க" என்றான் தணிகாசலம், "ஏறிடுச்சு."